குதிரை, அருவி, தீவு: புன்ட்டா கானாவிலிருந்து ஒரே நாளா, சமனாவில் தங்கியா?

டொமினிக்கன் குடியரசுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் இறங்குவது கிழக்குக் கரையிலுள்ள புன்ட்டா கானாவில். அங்கே விற்கும் ஒருநாள் பயணங்களில் பேர் போனது ஒன்று உண்டு: குதிரையில் எல் லிமோன் அருவி, அங்கே ஒரு குளியல், அப்புறம் காயோ லெவந்தாதோ தீவின் கடற்கரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடமும் இருப்பது சமனா விரிகுடாவின் அந்தப் பக்கத்தில்: அருவி சமனா தீபகற்பத்தில், தீவு அதன் கரையை ஒட்டி.

அதனால் காலையில் சீக்கிரமே பஸ் ஏற வேண்டும். கரையோர ஊர் ஒன்றில் இறங்கி, படகில் விரிகுடாவைக் கடந்து, மறுபடி வண்டி. மாலையில் இதே வழியாகத் திரும்ப வேண்டும். பகலில் பாதி பயணத்திலேயே கரைந்துவிடும். படகில் குமட்டல் வருகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

இந்த அவசரத்தில் அடிபடுவது அருவிதான். சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து பாசி படர்ந்த பாறைமேல் விழுகிற தண்ணீர், கீழே நீந்தத் தோதான குளம். குதிரைச் சவாரி என்றதும் பாய்ச்சலை எல்லாம் நினைத்துப் பயப்பட வேண்டாம். வழிகாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார், முன்பின் ஏறாதவர்களும் போகலாம். மழை பெய்தால் பாதை முழுக்கச் சேறும் கல்லும்தான். கடைசிப் பகுதியைப் படியில் நடந்துதான் இறங்க வேண்டும். சுற்றுலாக் கூட்டங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் குளத்தில் தலைகள்தான் தெரியும்.

சமனா தீபகற்பத்திலேயே உள்ள லாஸ் தெரேனாஸ் என்ற ஊரில் தங்கினால் அருவிக்குப் போகும் எல் லிமோன் கிராமம் பக்கம். குவாகுவா என்கிற பங்கு வண்டியிலேயே போய்விடலாம். கூட்டம் சேருமுன் காலையிலேயே குளத்தில் இறங்கலாம். குதிரை பிடிக்காதவர்கள் நடந்தே போகலாம், என்ன, பிடிப்புள்ள காலணி வேண்டும்.

தீவு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளை மணல், தென்னை, தெளிந்த நீர் எல்லாம் யாருக்கும் ஒன்றுதான். சொகுசுக் கப்பல் வந்த நாளில் நெரிசலும் அப்படியே. ஆனால் தங்குகிறவர் தீவை விட்டுவிட்டு பிளாயா ரிங்கோன் போகலாம். என்னைக் கேட்டால் தீவைவிட அதுதான் மேல்: நீண்ட கடற்கரை, ஒரு முனையில் கடலில் கலக்கும் குளிர்ந்த சிற்றாறு. உப்பு போக அதிலேயே குளித்துக்கொள்ளலாம்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சமனா விரிகுடாவுக்கு வரும். அப்போது போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள்.

சிறு குழந்தைகளோடு புன்ட்டா கானாவில் அறை எடுத்தாயிற்று, பெட்டியைக் கட்டி இடம் மாற மனமில்லை என்றால் சரி, ஒருநாள் பயணமே போதும். சாப்பாடு, படகு, குதிரை எல்லாம் பயணத்தை நடத்துகிறவர்கள் பொறுப்பு. பணம் கட்டுமுன், அருவியில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.