இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை: ஊக்கமருந்து வழக்கில் எவ்வளவு கைகொடுக்கும்?

சப்ளிமென்ட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரப்படும் இந்த இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை உள்ளதை வாங்குங்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் முத்திரையே காப்பாற்றிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு பேட்சும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) விற்பனைக்கு வரும் முன்பே, முத்திரையை நடத்தும் எல்ஜிசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோதிக்கப்படுவது. டப்பாவின் பேட்ச் எண்ணை அவர்கள் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். இன்ஃபார்ம்டு சாய்ஸ் என்ற முத்திரையும் இவர்களுடையதுதான், ஆனால் அது வேறு திட்டம்: அங்கே கடையிலிருந்து மாதிரி எடுத்து அவ்வப்போது சோதிக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் பேட்ச் அதில் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவசரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். இன்னொன்று, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் உள்ள எல்லாப் பொருளுக்கும் சோதனை நடப்பதில்லை.

சிறுநீரில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தாலே விதிமீறல்தான். கலப்படம் என்று சொல்லித் தண்டனைக் குறைப்புக் கேட்கும் வீரர், அது எந்த வழியாக வந்தது என்பதை 50 சதவீதத்துக்கு மேல் சாத்தியம் என்ற அளவுக்கு நிறுவ வேண்டும். "வந்திருக்கலாம்" என்பது எடுபடாது. முத்திரை இங்கே எதிராகவும் திரும்பும்: அந்த பேட்ச் சுத்தம் என்ற சான்று, "இதிலிருந்துதான் வந்தது" என்ற வாதத்தையே தளர்த்திவிடும். மூலம் நிரூபணமான பிறகுதான், கவனமாக இருந்தேன் என்று காட்டித் தவறின் அளவைக் குறைக்க அது உதவும்.

மூலத்தை நிரூபிக்க மிச்சம் வைத்த டப்பா வேண்டும். திறந்த டப்பா மட்டும் இருந்தால், பிறகு கலந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதே பேட்சில் சீல் உடைக்காத டப்பா ஒன்றும் சேர்ந்தால் அந்தக் கேள்வி பெரும்பாலும் அடிபடும். டப்பாவில் அந்தப் பொருள் கிடைத்துவிட்டாலும் கணக்கு உதைக்கலாம். ஒரு வேளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, அதற்குச் சிறுநீரில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதெல்லாம் பொருந்தி வர வேண்டும். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் வழக்கில் முதல் தீர்ப்பாயம் சப்ளிமென்டில் ராக்ஸாடுஸ்டாட் என்ற தடை செய்யப்பட்ட இரத்தசோகை மருந்து கலந்திருந்ததை ஏற்றது. சிறுநீரில் இருந்த அளவு அதனால் மட்டும் வந்திருக்காது என்று சொல்லி 4 ஆண்டுத் தடை விதித்தது. 2024 மார்ச்சில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் கலப்பட சப்ளிமென்ட் என்ற ஹாலெப்பின் விளக்கத்தையே ஏற்று 9 மாதமாகக் குறைத்தது. அறிவியல் சாட்சியத்தை எடைபோடுவதில் இரண்டு அமர்வுகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

எனவே டப்பாவைத் திறக்கும் நாளிலேயே பேட்ச் எண், காலாவதி தேதி, சீல் மூன்றையும் படம் எடுங்கள். இணையத்தில் பேட்ச் எண்ணைத் தேடிய பக்கத்தைத் தேதியோடு சேமியுங்கள். ரசீதை எறியாதீர்கள். பொடியை வேறு ஜாடிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். ஊக்கமருந்து சோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் சப்ளிமென்ட் பெயரை முழுதாக எழுதுங்கள். கலப்படமான அந்த சப்ளிமென்டை வீரர் உண்மையிலேயே சாப்பிட்டாரா என்று நிறுவும்போது இது முக்கியம் என்று வாடா விதித்தொகுப்பின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. "வைட்டமின்" என்று மட்டும் எழுதினால் எந்த டப்பா என்று பிறகு காட்டுவது கடினம்.