போலீஸ் மேல் கொடுத்த மனு கடைசியில் யார் மேசைக்குப் போகிறது?

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரை, சில மாதங்களுக்கு முன் ஒரு ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க உட்கார வைத்து அடித்திருக்கிறார்கள். புதன்கிழமை எஸ்.பி. அலுவலகக் குறைதீர் முகாமில் மனு கொடுத்தார். ரசீதும் கிடைத்தது. பத்து நாள் கழித்து போன்: "மனு விசாரணைக்கு வாங்க." கூப்பிட்டது அதே ஸ்டேஷன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பேனாவை நீட்டி, "மேல் நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்கண்ணே, எதுக்கு வம்பு" என்றாராம். எழுதிக் கொடுத்துவிட்டார். "தொழில் பண்ண வேணாமா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

போலீஸ் மீதான புகார்களை யார் விசாரிப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனாதான் ஞாபகம் வருகிறது. இருக்கிற வழிகளை அதை வைத்தே எடை போடுகிறேன்.

முதலாவது, துறைக்குள்ளேயே விசாரணை. இதை ஆதரிப்பவர்கள் சொல்வது வேகம். எஸ்.பி. நினைத்தால் சாயங்காலத்துக்குள் ஆயுதப்படைக்கு மாற்றம், இல்லையென்றால் சஸ்பெண்ட். ஆனால் மாற்றம் தண்டனை ஆகாது; கொஞ்ச நாளில் அதே ஆள் வேறு ஸ்டேஷனில் இருப்பார். பெரிய தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டான 3(பி) மெமோ கொடுத்தால் வேலையே போகலாம்தான். அதையும் கொடுப்பது மேலதிகாரி. "உத்தரவு மேலே இருந்து வரும், மாட்டுவது ஏட்டு" என்று கீழ்மட்டப் போலீசார் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. முதல்வர் தனிப்பிரிவுக்கே எழுதினாலும் மனு டி.ஜி.பி., எஸ்.பி., டி.எஸ்.பி. என்று படியிறங்கி அந்த ரைட்டரிடமே வந்து சேர்ந்த கதைகளை யாரும் சொல்வார்கள்.

இரண்டாவது, மாநில மனித உரிமை ஆணையம். 1997 முதல் இருக்கிறது. தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி, கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். இழப்பீடு கொடுக்கச் சொல்லி, அதை அந்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கவும் சொல்லும். "வெறும் பரிந்துரைதானே" என்று அரசு கிடப்பில் போட்ட காலம் உண்டு. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்ன பிறகு இந்த வழிக்குக் கொஞ்சம் எலும்பு முளைத்திருக்கிறது. குறை, ஆமை வேகம். ஆணையத்துக்காகக் களத்தில் விசாரிக்கும் பிரிவும் போலீஸ்காரர்களைக் கொண்டதுதான்.

மூன்றாவதுதான் உண்மையான சீர்திருத்த யோசனை. முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களுக்கென்றே தனி ஆணையம் வேண்டும், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்கலாம் என்றது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. திங்கட்கிழமை கலெக்டரிடமும் புதன்கிழமை எஸ்.பி.யிடமும் கொடுக்கிற மனுவை இருவரிடமும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒரு சட்டமா என்று கேட்டால் பதில் இல்லை.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2011 சட்டப்படி அங்கே தலைமை நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதி. டி.எஸ்.பி. வரை உள்ளவர்கள் மீதான புகார் மாவட்ட ஆணையத்துக்கு, எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில ஆணையத்துக்கு. உறுப்பினர்களில் அதிகாரிகளும் உண்டு, குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு ரைட்டரிடம் திரும்பி வராது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு கேரளத்துக்குத்தான், விசாரிக்கத் தனி ஆட்களும் கொடுத்தால். "ரவுடியெல்லாம் புகார் கொடுப்பான், போலீஸ் கையைக் கட்டிப்போடுவீங்க" என்று டீக்கடையில் சொல்பவர்கள் உண்டு. என்கவுன்டருக்குக் கைதட்டும் அதே ஆள், தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதும் வக்கீல் நம்பர் கேட்டு அலைவதையும் பார்த்திருக்கிறேன்.

கடைசி வழி நீதிமன்றம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போய் அடித்த தந்தையும் மகனும் இறந்தபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமரா ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். துறை விசாரணையில் இது வெளியே வந்திருக்குமா? ஸ்டேஷனையே வருவாய்த் துறைப் பொறுப்பில் விடச் சொன்னது உயர் நீதிமன்றம். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்ததிலும் அதே மதுரைக் கிளை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க வைத்தது. ஆனால் இதெல்லாம் உயிர் போன பிறகு. ராத்திரி வாங்கிய நாலு அடிக்கு யார் தானாக வழக்கு எடுப்பார்கள்? மாஜிஸ்திரேட்டிடம் தனியாகப் போனாலும், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பணியின்போது நடந்ததென்று வரும் புகாரில் அரசு ஊழியரின் மேலதிகாரியிடம் அறிக்கை வாங்கிய பிறகே விசாரணைக்கு உத்தரவிடச் சொல்கிறது.

ஆட்டோக்காரருக்கு ஓராண்டு இன்னும் முடியவில்லை. மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம் என்றேன். அடிபட்ட மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்து வந்து காட்டினார். "கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்று இருந்தது. கூட வந்த போலீஸ்காரர் அப்படிச் சொல்லச் சொன்னாராம்.