தராசா, அளவுப்பலகையா? பாஸ் மீன் போட்டியின் இரண்டு வழிகள்

ஜூலை மாதச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால். படகின் மீன்தொட்டி மூடியைத் திறந்தேன். உள்ளே ஐந்து பாஸ் மீன்கள். இரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தன. காற்றுக்குமிழ் விடும் பம்பின் ஒயர் எப்போதோ கழன்றிருக்கிறது. காலையில் அதைச் சரிபார்த்திருக்க வேண்டியவன் நான்; அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். செத்த மீன் ஒன்றுக்குக் கால் பவுண்டு கழிவு என்பது எங்கள் சங்கத்து விதி. அரை பவுண்டு போயிற்று, அதோடு மூன்றாம் இடமும் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடம் போனது நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டு வயிறுகள்தான் வந்தன.

வட டெக்சாஸில் நான் இரண்டு சங்கங்களில் இருக்கிறேன். ஒன்று மோட்டார் படகுக்காரர்களுடையது. பிடித்தவற்றில் பெரிய ஐந்தை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து தராசில் நிறுப்பார்கள். மற்றது கயாக் எனும் ஒற்றையாள் துடுப்புப் படகுக்காரர்களுடையது. மீனைப் பலகையில் கிடத்தி, நீளம் தெரியப் படமெடுத்து, அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். எது மேல் என்று இரண்டு பக்கத்து நண்பர்களும் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லி நழுவ முடியாத அளவுக்கு இப்போது விஷயம் முற்றிவிட்டது.

பாஸ் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: நம் விராலை நினைத்துக்கொள்ளுங்கள். இனத்தால் உறவில்லை, குணம்தான் ஒன்று. பாசிக்கும் கோரைக்கும் நடுவே பதுங்கியிருந்து, மேலே தத்திப் போகும் தவளையைக் கபக்கென்று விழுங்கும். விராலுக்கு ரப்பர் தவளை வீசிப் பழகியவருக்கு இங்கே முதல் நாளே கை வந்துவிடும்.

தராசு நாள் இருட்டிலேயே தொடங்குகிறது. படகு இறக்கும் சரிவில் வண்டிகள் வரிசையாக நிற்கும். யாராவது ஒருவர் ஒவ்வொரு படகின் தொட்டியையும் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், முந்தின நாள் மீன் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று. சீட்டுக் குலுக்கிய வரிசையில் படகுகள் கிளம்பும். டெக்சாஸ் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த பெருவாய் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து. ஆறாவது மீன் பெரிதாக இருந்தால் ஐந்தில் சிறியதை விட்டுவிடலாம். எது சிறியது என்று தடுமாறாமல் இருக்க ஒவ்வொரு மீனின் தாடையிலும் வண்ண வண்ணக் கிளிப்பு மாட்டுகிறோம். மூன்று மணிக்குள் துறைக்கு வந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு பவுண்டு கழியும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஏரி முழுவதும் நெடுஞ்சாலையாகிவிடும்.

பிறகு பை. தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் வலைப்பை, அதற்குள் மீன்கள். தராசின் சிவப்பு எண்கள் பவுண்டின் நூறில் ஒரு பங்கு வரை ஓடி நிற்கும்வரை யாரும் பேசுவதில்லை. 12.86 என்று நின்றதும் எழும் கூச்சலுக்குத்தான் பாதிப்பேர் இதில் இருக்கிறார்கள்.

இந்தச் சடங்கின் அப்பா ரே ஸ்காட். 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் அவர் நடத்திய போட்டியிலிருந்துதான் இன்றைய பாஸ் போட்டி உலகம் கிளைத்தது. தொடக்கத்தில் மீன்கள் செத்தே கரைக்கு வந்தன. 1972-இல் அவரே ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்று ஓர் இயக்கம் தொடங்கியபிறகுதான் உயிர்த்தொட்டி கட்டாயமாயிற்று. ஆகவே தராசுக்காரர்களை மீன் விரோதிகள் என்பது நியாயமில்லை. இன்று பாஸை ஏரியில் உயிரோடு திரும்ப விடும் பழக்கம் பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் டெக்சாஸ் கோடை அந்தத் தொட்டியை மதிப்பதில்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரைகிறது. மீனுக்கோ சூட்டில்தான் அதிகம் தேவை. அனுபவசாலிகள் முந்தின இரவே தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்துக் கொண்டுவந்து தொட்டியில் மிதக்கவிடுவார்கள். பனிக்கட்டியை நேராகக் கொட்டினால் குளோரினும் சேர்ந்து இறங்கும், சூடும் ஒரேயடியாகக் குறைந்து மீன் அதிரும். இவ்வளவு செய்தும், தராசில் துள்ளிய மீன் இரண்டு மூன்று நாள் கழித்து எங்கோ அடியில் சாவதுண்டு. அந்தச் சாவுக்கு யாரும் கால் பவுண்டு கழிப்பதில்லை.

பலகை நாளுக்கு வருவோம். விடியற்காலையில் கைப்பேசிக்கு அன்றைய அடையாளக் குறி வரும். அட்டையில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அது தெரிய வேண்டும். மீனின் மூக்கு பலகையின் முட்டுச்சுவரைத் தொட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வால் கோட்டுக்குள் தெரிய வேண்டும். சொல்லும்போது சுலபம். ஆடுகிற கயாக்கில், மடியில் பலகை, ஈரக் கை, பல்லில் கடித்த கைப்பேசிக் கயிறு, எதிரே மூன்று பவுண்டுத் துள்ளல். போன அக்டோபரில் என் ஆண்டின் மிகப் பெரிய மீன் பலகையில் முழுதாக மூன்று விநாடி படுத்திருந்தது. நான் கேமராவைத் திறப்பதற்குள் வாலால் ஒரு தட்டு, பலகையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. பலகையை மீட்டேன். படம் இல்லையென்றால் மீன் இல்லை.

கால் அங்குலத்துக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கி, ஐந்து நீளங்களைக் கூட்டுவார்கள். தராசுக்காரர்களின் பெரிய ஆட்சேபம் இங்கேதான், அது சரியான ஆட்சேபமும்கூட. மீனின் எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடியைப் பின்பற்றி ஏறுகிறது. ஒருவர் 16 அங்குல மீன் ஐந்து பிடிக்கிறார்: மொத்தம் 80. இன்னொருவர் 23 அங்குலம் ஒன்றும் 14 அங்குலம் நான்கும் பிடிக்கிறார்: மொத்தம் 79. பலகையில் முதலாமவர் வெற்றி. தராசில் வைத்தால் இரண்டாமவர் பத்து சதவீதத்துக்கு மேல் கனமாக இருப்பார். பெரிய மீனைத் தேடிப் போகிறவருக்குப் பலகை பாதகம், சீராகச் சேர்ப்பவருக்குச் சாதகம். நான் சீராகச் சேர்க்கும் வகை. என் தீர்ப்பில் அந்தச் சார்பு உண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

வசந்த காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஆண் பாஸ் ஆழம் குறைந்த இடத்தில் வாலால் குழி பறித்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கிறது. அதைத் தூக்கித் தொட்டியில் போட்டு, ஆறு மணி நேரம் கழித்துப் பத்து மைல் தள்ளியிருக்கும் துறையில் விட்டால் அந்தக் கூடு அவ்வளவுதான். சுற்றிக் காத்திருக்கும் புளூகில் மீன்கள் நிமிடக் கணக்கில் காலி செய்துவிடும். பலகையில் இரண்டு நிமிடம் கிடத்தி அதே இடத்தில் விட்டால் பெரும்பாலும் நேராகக் குழிக்கே திரும்புகிறது. நின்று பார்த்திருக்கிறேன்.

சட்டமே தராசைத் தடுக்கும் ஏரிகளும் உண்டு. கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைக் கையோடு விட்டுவிட வேண்டும், தொட்டியில் வைக்கக் கூடாது. மாநிலச் சாதனை மீன், 18.18 பவுண்டு, ஏறக்குறைய எட்டேகால் கிலோ, 1992 ஜனவரியில் அந்த ஏரியில்தான் கிடைத்தது. அதுவும் கிராப்பி எனும் சிறிய மீனுக்காகப் போட்ட இரையில்! இப்படிப்பட்ட ஏரியில் ஐந்து மீன் எடைப்போட்டி வைப்பது, பந்தி போட்டுவிட்டுச் சோற்றைத் தொடாதே என்பது போல.

திருட்டு? இரண்டிலும் உண்டு. டல்லாஸுக்குப் பக்கத்து ரே ஹப்பார்ட் ஏரியில் 2009-இல் ஒருவர், பரிசாக வைத்த 55,000 டாலர் படகுக்காக மீனுக்குள் ஒரு பவுண்டு ஈயத்தைத் திணித்து மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். 2022-இல் ஈரி ஏரியில் வால்ஐ மீன் போட்டியொன்றில் மீன் வயிற்றைக் கிழித்து ஈயக் குண்டுகளை எடுத்துக் காட்டிய காணொளியை உலகமே பார்த்தது. பலகையில் ஈயம் செல்லாது. வெட்டி ஒட்டிய பலகையும் ஒரே மீனுக்கு இரண்டு படமும் செல்லப் பார்க்கும். என்னைக் கேட்டால் கண்முன் தொங்கும் பையை ஏமாற்றுவது கடினம். படத்தை நடுவர் எங்கோ உட்கார்ந்து தனியாகப் பார்க்கிறார்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: ஒவ்வொரு மீனையும் படகிலேயே எடைபோட்டு உடனே விடுவது. 2019-இல் தொடங்கிய பாஸ் ப்ரோ டூர் அப்படித்தான் நடந்தது. படகுக்கு ஒரு நடுவர் வேண்டும். சம்பளம் கொடுக்கப் பணமுள்ளவர்களுக்கு அருமையான வழி. முப்பது டாலர் நுழைவுக் கட்டணச் சங்கத்துக்கு அது பேச்சோடு சரி.

பலகையின் உண்மையான குறை எனக்கு வேறிடத்தில் தெரிந்தது. கயாக் போட்டியொன்றில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. செய்தி வந்தபோது ஒரு பெட்ரோல் நிலையத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. காசாளரிடம் சொன்னேன், அவர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

ஆகவே என் தீர்ப்பு காலண்டரைப் பார்த்துத்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் குளிர்ந்திருக்கும்; தராசைக் கொண்டுவாருங்கள், முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். வசந்தத்திலும் கோடையிலும் பலகை. இதைத்தான் சென்ற குளிர்காலக் கூட்டத்தில் மோட்டார் படகுச் சங்கத்தில் முன்வைத்தேன். இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் பலகை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை: கடைசி ஒரு மணி நேரம் கைப்பேசியில் தெரியும் புள்ளிப் பட்டியலை மறைக்க வேண்டும், எல்லோரும் மூன்று மணிக்குத் துறைக்கு வந்தே ஆக வேண்டும், முடிவை அங்கேதான் வாசிக்க வேண்டும்.

முதல் பலகைப் போட்டிக்கு, இருபது ஆண்டுகளாக எங்களுக்கு எடை வாசிக்கும் பெரியவர் பழக்கதோஷத்தில் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிறுக்க மீன் இல்லை. யாரோ ஒருவர் குளிர்பெட்டியிலிருந்து தர்ப்பூசணியை எடுத்து வலைப்பைக்குள் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடின. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். 17.42.