மரமணி செட்டுக்கு 2,340 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

போன வெள்ளிக்கிழமை குழந்தை கோத்து விளையாடுகிற மரமணி பார்சல் வந்தது, நேற்று ராத்திரி விற்றவர்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள், 2,340 ரூபாய் போயே போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பொம்மை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மகளுக்கு மூன்றரை வயது. மணிகளை நிறம் பிரித்துக் கிண்ணத்தில் போடுவது, அப்புறம் அட்டையில் இருக்கிற வரிசையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், மஞ்சள், மறுபடி சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்று கயிற்றில் கோப்பது, இது கிடைத்தால் அரை மணி நேரம் அசைய மாட்டாள் என்று அவளுடைய மிஸ் சொன்னார். சரி, வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே என்று தேடினேன். பிளாஸ்டிக் வேண்டாம் என்பது என் பிடிவாதம். பாட்டி வீட்டில் அம்பாசமுத்திரம் மரச் சொப்பு ஒரு ஓலைப்பெட்டி நிறைய இருக்கும், அதைக் கடித்துக் கடித்துத்தான் எனக்குப் பல்லே முளைத்தது என்பார்கள். மரத்தைச் சுழற்றிக் கடைந்து செய்கிற கடைசல் சாமான் என்றாலே எனக்கு ஒரு நம்பிக்கை.

சிக்கியது சமூக வலைதளத்தில் படம் போட்டு விற்கிற ஒரு பக்கம். கடை கிடையாது, உள்பெட்டியில் பேசி யுபிஐயில் பணம் அனுப்ப வேண்டியதுதான். மரப்பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சன்னப்பட்டணா மரமணி செட், 60 மணி, 6 நிறம், 20 அட்டை. எழுதியிருந்ததும் ஏனோதானோ என்று இல்லை. வெட்பாலை மரம், இயற்கைச் சாயம், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றுவது, தாழை மடலால் மெருகு போடுவது என்று எல்லாம் சரியாக இருந்தது. வேலை தெரிந்தவர்கள் போல என்று நினைத்துவிட்டேன்.

இருந்தும் ஐஎஸ்ஐ முத்திரை உண்டா என்று கேட்டேன். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைகளுக்கு அது கட்டாயம். "கைவினைப் பொருளுக்கு விலக்கு இருக்கு அக்கா, நீங்களே தேடிப் பாருங்க" என்று பதில். தேடினேன், உண்மைதான், விலக்கு இருக்கிறது. அங்கேதான் விழுந்தேன். அந்த விலக்கு கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டில் முறைப்படி பதிவானவர்களுக்கும்தான். மரத்தில் செய்த எல்லாவற்றுக்கும் இல்லை. பதிவுச் சான்றைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் ஒரு குரல் செய்தி வந்தது: "அக்கா, என் பொண்ணும் இதைத்தான் வாயில போட்டுக்கிட்டுத் திரியறா, பயப்படாதீங்க." பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் 2,340 ரூபாயை அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் குப்பென்று பெயின்ட் வாடை. 4 செ.மீ. என்று சொன்ன மணிகள் 2 செ.மீ.கூட இல்லை. துளையைச் சுற்றிலும் சிலாம்பு, பாதி மணிகளில் கயிறு நுழையவே இல்லை. ஈரத்துணியால் ஒரு சிவப்பு மணியைத் துடைத்தேன், துணி குங்குமம் கொட்டியது போல ஆகிவிட்டது. அரக்கு ஏற்றிய மணி இப்படிச் சாயம் விடுமா? அட்டைகளில் ஆறு நிறம், மணிகளில் ஐந்துதான். அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, "அம்மா, ஊதா எங்க?" என்று கேட்டவள் மகள். இதற்கு நடுவில் ஒன்றரை வயதுச் சின்னவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டான், விரலை விட்டு எடுத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்கே படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "கைவேலைன்னா நிறம் கொஞ்சம் போகத்தான் செய்யும்." இரண்டாம் நாள், பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். குழந்தை பெட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது எவள் வீடியோ எடுப்பாள்? மூன்றாம் நாள் "டீமிடம் சொல்லியிருக்கோம்." அந்த டீம் யார் என்று கேட்டேன், நீல டிக் மட்டும் விழுந்தது. 2,340 ரூபாயைத் திருப்பித் தராவிட்டால் புகார் கொடுப்பேன் என்று நேற்று எழுதினேன். "தாராளமா குடுங்க மேடம்." முந்தாநாள் வரை அக்கா, நேற்று மேடம். அதோடு பிளாக்.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, பேசினேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். விற்றவர் பெயர், முகவரி, பில் என்று கேட்டபோது என்னிடம் ஒன்றும் இல்லை. யுபிஐயில் வந்த பெயர் ஒன்று, பக்கத்தின் பெயர் வேறொன்று. இணையத்தில் விற்பவர் முகவரியும் குறைகேட்பவர் விவரமும் போட வேண்டும் என்று 2020லேயே விதி வந்தாயிற்று. பணம் போன பிறகுதான் அதெல்லாம் கண்ணில் படுகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், சின்னவன் எழுந்துவிட்டான், சுருக்கமாக. முகவரியும் பில்லும் தராதவர்களிடம் வாங்காதீர்கள். விலக்கு என்றால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். வீட்டில் 3 வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தால் மணியின் அளவை எழுத்தில் வாங்குங்கள், பொம்மைச் சோதனையில் வைக்கிற உருளை ஏறக்குறைய 32 மி.மீ. அகலம், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் அந்த வயசுக்கு ஆகாது. வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், எரிச்சலாகத்தான் இருக்கும்.

காலையில் கணவர் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே படம், அதே வெட்பாலை, அதே தாழை மடல். பண்டிகைச் சலுகையாம், 1,999 ரூபாய். கீழே ஒரு அம்மா, "என் பையனுக்கு இரண்டு வயசு, கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அக்கா என்றுதான் பதில் போயிருக்கிறது.