மண் இறுக்கம் பார்க்கும் பெனட்ரோமீட்டர்: ஐந்து போகம் பாவித்த பிறகு

பெரும்போக வெட்டு முடிந்ததும் வழமையாக வரும் கேள்வி: வெட்டு மெசின் ஏறின வயல் இறுகிப்போச்சா, பார்க்க இந்தக் கம்பியை (மண்ணில் குத்தினால் மேலே முகப்பில் முள் அழுத்தம் காட்டும்) வாங்கலாமா? கம்பியில் பெரிய குறை இல்லை. கோபமெல்லாம் முகப்பில் அடித்திருக்கும் மூன்று நிறத்தில்தான்.

200 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) வரை பச்சை, 300 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. 300ஐத் தாண்டினால் அநேக பயிர்களின் வேர் இறங்காது என்ற கணக்கு. சோளத்துக்கும் கச்சானுக்கும் சரி. தம்பலகாமத்து நெல் வயலில் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் முள் சிவப்புக்கு ஓடினால் அது நோயல்ல. உழுது உழுது அடியில் இறுகின அந்தத் தட்டு இருப்பதால்தான் வரம்புக்குள் தண்ணி நிற்குது. சிவப்பைக் கண்டு பயந்து ஆழ உழுதால், வாய்க்கால் தண்ணி முழுக்கக் கீழே போகும்.

ஆகவே நிறத்தை விட்டு வித்தியாசத்தைப் பாருங்கோ. ஒரே வயல், ஒரே நாள்: வெட்டு மெசினின் செயின் போன தடத்தில் பத்துக் குத்து, தடம் படாத இடத்தில் பத்துக் குத்து. இரண்டிலும் 20இல் ஒரே இறுக்கமென்றால் பழைய உழவுத் தட்டு. தடத்தில் மட்டும் 5 முதல் 15 சென்ரிமீற்றர் வரையான ஆழத்தில் இறுக்கம் கூடினால் மெசின் செய்த வேலை. 30இலும் கூடினால் நெல் ஏற்றின பெட்டியின் அச்சுப் பாரத்தைச் சந்தேகியுங்கோ. டயர் காற்றைக் குறைத்தாலும் அந்த ஆழத்துக்குப் பெரிதாக உதவாது. செயின் மெசின் அமுக்காது என்பதும் பாதிதான் உண்மை, செயினுக்குள் ஓடும் உருளைகளுக்கு நேர் கீழே அழுத்தம் கூடும்.

நல்ல மழைக்கு மறுநாள் குத்த வேண்டும். காய்ந்த செம்மண் எங்கு குத்தினாலும் சிவப்புத்தான். செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர், அதாவது 30 இறங்கப் பத்துச் செக்கன். அரை அங்குல முனையில் 300 காட்டக் கிட்டத்தட்ட 27 கிலோ அழுத்தம் போதும். முக்கால் அங்குலத்துக்கு 60 கிலோ வேண்டும், அது இளகின மண்ணுக்கு. முகப்பில் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு எண் வட்டம்; ஒரு முனையைப் போட்டு மற்றதன் வட்டத்தை வாசித்தால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிழைக்கும். முள் திடீரென்று துள்ளினால் சரளைக்கல், ஒரு சாண் தள்ளிக் குத்துங்கோ. களி ஒட்டின கம்பியைத் துடைக்காவிட்டால் உரசலும் சேர்ந்து கூடக் காட்டும். முனை விட்டம் 3 சதவீதம் தேய்ந்தால் பரப்பு 6 சதவீதம் குறையும், அளவும் அவ்வளவு குறைவாகத்தான் வரும்.

முள் ஓரிடத்தில் நிற்காது, எழுத இன்னொரு ஆள் வேண்டும். பற்றரி இல்லை, ஐந்து போகத்தில் பழுதும் இல்லை. நல்ல சாமான். ஆனாலும் இன்னொன்று இந்த நிறத்தோடு வந்தால் வாங்க மனமில்லை. இருக்கிறதன் முகப்பில் வெள்ளை ரேப் ஒட்டியிருக்கு, எண் மட்டும் தெரிகிற மாதிரி.