ராஜினாமா, ஆட்குறைப்பு, பேசிப் பிரிதல்: எதில் எவ்வளவு செலவு?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், இவைதான் அதன் பிழைப்பு. நான் அவர்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஒரு நாள் மத்தியானம் முதலாளி போன் செய்தார்.

“தங்கச்சி, ஆஃப்செட் மிஷினை நிறுத்திடலாம்னு இருக்கேன். எல்லாம் டிஜிட்டலுக்குப் போயிடுச்சு. மிஷின் ஓட்டுற அண்ணனை என்ன பண்றது? அவரே ஒரு ரிசைன் லெட்டர் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது இல்ல?”

பிரிக்பீல்ட்ஸில் என் மாடி ஆபீசுக்கு வருகிற சிறு முதலாளிகளில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பதினோரு வருடம் கூடவே இருந்தவரிடம் “வேலை இல்லை” என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். அதனால் அவர் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அண்ணனுக்கு மாதச் சம்பளம் 2,920 ரிங்கிட். வேலைக்கு வந்து சரியாக 11 வருடம். கடந்த ஒரு வருடமாக ஓவர்டைம் இல்லை. வேலையே இல்லாதபோது ஓவர்டைம் எங்கிருந்து வரும்? முதலாளியின் முன்னால் இருந்த வழிகள் நாலு: ராஜினாமா எழுதி வாங்குவது, ஏதாவது குற்றம் கண்டுபிடித்து நீக்குவது, முறைப்படி ஆட்குறைப்பு செய்வது, இருவரும் பேசி ஒத்துக்கொண்டு பிரிவது.

ராஜினாமாவில் காகிதத்தில் செலவு பூஜ்யம். தானாக வேலையை விட்டவருக்குப் பணிநிறுத்த இழப்பீடு கிடையாது. முதலாளிகளுக்கு இது இனிப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவைச் சட்டம் ராஜினாமாவாகப் பார்ப்பதில்லை, நீக்கமாகத்தான் பார்க்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். சமரசம் ஆகவில்லை என்றால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வற்புறுத்தினார்கள் என்று நிரூபிப்பது தொழிலாளியின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் “நாளைக்குள்ள லெட்டர் குடுத்துடுங்க அண்ணே, இல்லன்னா வேற மாதிரி ஆயிடும்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அந்தச் செய்தி அவர் போனில் இருக்காது என்று நினைப்பது எந்த ஊர் நியாயம்?

தோற்றால் என்ன ஆகும் என்றும் முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உறுதிப்படுத்தப்பட்ட ஊழியருக்குப் பின்சம்பளம், அதாவது நீக்கியதிலிருந்து வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், அதிகபட்சம் 24 மாதம், அதாவது 70,080 ரிங்கிட். மீண்டும் வேலையில் சேர்ப்பதற்குப் பதிலாக வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வழக்கமாகத் தருவார்கள், அது 32,120. இடையில் அவர் வேறு இடத்தில் சம்பாதித்திருந்தால் கொஞ்சம் கழியும். கழிந்தாலும் தொகை சின்னதில்லை.

எனக்கு இந்த வழியில் தனிப்பட்ட கசப்பும் உண்டு. என் முதல் வேலை பினாங்கு பிறையில் ஒரு தொழிற்சாலையில். நிர்வாக அறையில் ஒரு மேசை, அதன்மேல் டைப் செய்து வைத்த ராஜினாமாக் கடிதங்கள், பக்கத்தில் மூடி திறந்த பேனா. நாலு மணிக்கு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும் கிளார்க் நான். பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், “இதுக்கு ஜெராக்ஸ் கிடைக்குமா மா?” என்று கேட்டார். கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அறுபது நாள் கணக்கு அவருக்கும் தெரியாது, அன்று எனக்கும் தெரியாது.

ராஜினாமாவில் தொழிலாளிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. ராஜினாமா செய்தவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திலிருந்து ஒன்றும் கிடைக்காது. 2018 முதல் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய சந்தா அது. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 என்று ஆறு மாதம் வரை தருவார்கள். அண்ணன் கணக்கில் ஆறு மாதமும் சேர்த்து ஏறக்குறைய 7,880 ரிங்கிட். முதலாளியின் கையிலிருந்து ஒரு சென்கூடப் போகாத பணம். ராஜினாமாக் கடிதம் ஒன்றே அதை அழித்துவிடும்.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் பேச எனக்கு இஷ்டமில்லை. நடத்தைக் குற்றம் நிரூபணமானால் இழப்பீடு இல்லை, அது சரி. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு முறையான விசாரணை நடத்தச் சொல்கிறது. பதினோரு வருடமாக ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்காதவர்மேல், மிஷினை நிறுத்தப் போகிற மாதத்தில் மட்டும் திடீரென்று குற்றம் முளைத்தால் யார் நம்புவார்கள்? ‘வேலைத்திறன் போதாது’ என்று சொல்லி நீக்கினாலும் இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஓய்வு வயது, நடத்தைக் குற்றம், சொந்த விருப்ப விலகல், பொதுவாக இந்த மூன்றுதான் விலக்கு. ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பலாமே என்றும் முதலாளி கேட்டார். ஒப்பந்தமே இல்லாமல் பதினோரு வருடம் வைத்திருந்தவர் கேட்கிற கேள்வியா அது?

மூன்றாவதுதான் நேர்வழி. வேலையே இல்லாமல் போனது உண்மை என்றால் ஆட்குறைப்புக்குக் காரணமும் உண்மை. பணிநிறுத்த இழப்பீடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தை 365ஆல் வகுத்து வருவது. அண்ணனுக்கு 96 ரிங்கிட். 20 நாள், 11 வருடம்: 21,120 ரிங்கிட். வேலை முடிந்து 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதற்கு வரி இல்லை. வேலை இழப்பு இழப்பீட்டுக்கு முழுமையான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சந்தாவும் பிடிக்க வேண்டியதில்லை.

முன்னறிவிப்பு தனி. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம். வேலைக் கடிதத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தாலும் ஆட்குறைப்பு என்று வந்தால் 8 வாரம்தான். உடனே அனுப்ப வேண்டுமானால் அதற்கு ஈடாகச் சுமார் 5,390 ரிங்கிட் கொடுக்க வேண்டும். மொத்தம் 26,500க்குச் சற்று மேல். ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பி.கே. பாரத்தை 30 நாளுக்கு முன்னால் தொழிலாளர் இலாகாவில் கொடுக்க வேண்டும். சின்னக் கம்பெனிகள் மறந்துபோவது பெரும்பாலும் இந்தப் பாரத்தைத்தான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆஃப்செட் மிஷினுக்கு எதிரே கட்டிங் மிஷின். அதில் வங்காளதேசத்திலிருந்து வந்த ஒரு பையன், வேலைக்கு வந்து இரண்டு வருடம். அண்ணன் டீயை ஓரமாக வைத்துவிட்டுப் போய், அந்தப் பையனுக்குக் கத்தி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். காகிதக் கட்டை விரலால் தட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு மில்லி உள்ள போகணும்” என்றார்.

“அண்ணே, நீங்க கட்டிங் செய்வீங்களா?”

“முதல் ஆறு வருசம் ரெண்டு மிஷினும் நான்தான் மா.”

வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவு, ஆட்குறைப்பு செய்யும்போது உள்நாட்டுத் தொழிலாளியை நீக்குவதற்கு முன்னால் அதே மாதிரி வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியை நீக்கச் சொல்கிறது. அதோடு, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டு தொழில் இணக்க நடத்தை நெறி சொல்லும் முறை. அது ஒரே பிரிவு வேலைக்குள் பார்க்க வேண்டியது. தகுந்த காரணம் இருந்தால் மாற்றலாம். ஆஃப்செட் வேறு, கட்டிங் வேறு என்று வாதாடலாம்தான். ஆனால் ஆறு வருடம் இரண்டையும் செய்தவரை வெளியே அனுப்பிவிட்டுப் பையனை வைத்துக்கொள்வதைத் தொழிலியல் நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. முதலாளிக்கும் இல்லை.

முதலில் அண்ணனிடமே கேட்கச் சொன்னேன்: கட்டிங்குக்கு வருகிறாரா? வரமாட்டேன் என்றார். இடுப்பு வலி. காகிதக் கட்டுகளைத் தூக்கிப் போடுகிற வயது போய்விட்டது. “காசு ஒழுங்கா குடுத்தா வீட்டுக்குப் போறேன் பாஸ். மகள் பூச்சோங்கில இருக்கா, பேரனைப் பார்த்துக்கிட்டு வேற ஏதாவது தேடறேன்.”

நாலாவது வழிக்கு அப்படித்தான் வந்தோம். பேசிப் பிரிவதில் சட்டம் தொகை எதையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஒத்துக்கொண்டதுதான் தொகை. அதனாலேயே பலர் இதைப் பேரம் பேசும் வசதியாக மட்டும் பார்க்கிறார்கள். என் பார்வை வேறு. மாதம் 4,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் வாங்குகிறவருக்கு ஆட்குறைப்பில் சட்டப்படி என்ன வருமோ, அதிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒப்பந்தத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று எத்தனை முறை எழுதினாலும், விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் பின்னால் சொல்ல இடமிருக்கும். 4,000க்கு மேல் வாங்குகிற மேனேஜர் விஷயம் வேறு. அவருக்கு 1980 விதிமுறைகள் கட்டாயமில்லை. அங்கே பேசிப் பிரிவதுதான் இரு தரப்புக்கும் பெரும்பாலும் லாபம். 20ஆம் பிரிவுப் புகார் கொடுக்கும் உரிமை மட்டும் சம்பளத்தைப் பார்ப்பதில்லை.

ஆக அச்சகக் கணக்கில் மூன்றாவது வழிக்கும் நாலாவது வழிக்கும் பண வித்தியாசம் ரொம்பக் குறைவு. முதலாளி 26,500ஐ 28,000 ஆக்கினார். மீதி 1,500 வழக்கு வராமல் இருக்கக் கொடுக்கும் விலை என்றார். நான் அதைப் பதினோரு வருடத்துக்கான மரியாதை என்று சொல்வேன், அவர் சொல்லமாட்டார். பேசிப் பிரிவதும் பி.கே. பாரத்தில் வரும், பெர்கெசோ உதவித்தொகையும் கிடைக்கும்.

அப்புறம் கடிதம். முதலாளி யாரிடமோ கேட்டு மலாயில் ஒரு நகல் வாங்கி வைத்திருந்தார். அதில் மூன்றாவது வரியில் ‘லெத்தாக் ஜவாத்தான்’ என்று இருந்தது. ராஜினாமா! 28,000 கொடுத்துவிட்டு, அந்த ஒரு வரியால் அவருடைய பெர்கெசோ பணத்துக்கு வேட்டு வைத்திருப்பார்கள். தொகையைப் ‘பாராட்டுத் தொகை’ என்றும் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் வரி விலக்கிலும் தகராறு வரும். ‘வேலை இழப்புக்கான இழப்பீடு’ என்று மாற்றினேன். எடுக்காத ஆண்டு விடுப்பு ஆறு நாளைத் தனி வரியாகச் சேர்த்தேன். கடைசி மாதச் சம்பளம் கடைசி நாளிலேயே வந்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்கு மலாய் நன்றாகத் தெரியும், இருந்தாலும் வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அங்கேயே கையெழுத்துப் போட வந்தார். ஒரு வாரம் வைத்திருந்து மகளிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் வந்தார், கையெழுத்துப் போட்டார். போட்டதும் அவர் கேட்பதற்கு முன்னால் நானே ஜெராக்ஸ் மிஷினைப் போட்டேன்.