சோலார் கீசரா, ஹீட் பம்ப்பா? ஒரு சாட்ஸ்வொர்த் வீட்டுக் கணக்கு

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டின் கொல்லைப்பக்கம் அம்மாவுக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்டப் பிளான் போட்டோம். சுடுதண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் வரைபடக்காரர் கேட்ட முதல் கேள்வி. சும்மா கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் கட்டட விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறாது. 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான், பிளானைப் பாஸ் பண்ணுவது மாநகராட்சி. 2011இல் அதன் விதிகளில் சேர்ந்த எக்ஸ்ஏ (மின்சிக்கனம் பற்றிய) பகுதிப்படி, ஆண்டுக்கு வேண்டிய சுடுதண்ணீரில் பாதியையாவது மின்சார எலிமென்ட் (கீசருக்குள் சூடேறும் கம்பி) இல்லாமல் சூடாக்க வேண்டும். எதைக்கொண்டு என்பது நம் இஷ்டம்.

சோலாருக்கு டர்பன் நல்ல ஊர். தகட்டை வடக்குப் பார்த்து வைக்க வேண்டும் (இந்தியாவில் தெற்கு, நாம் பூமியின் கீழ்ப்பாதி). இங்கே ஆடிதான் குளிர். அப்போது மழை குறைவு, வெயில் பளிச்சென்று அடிக்கும். லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தாலும் தொட்டியில் சூடு இருக்கும். சிக்கல் தீபாவளிக்குத்தான். அக்டோபர், நவம்பர் மழைக்காலம். முந்தின நாள் முழுக்க மூட்டம் போட்டிருந்தால், விடியுமுன் எண்ணெய் தேய்த்து நிற்கும் ஆறு பேரில் மூன்றாவது ஆளுக்கே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். அப்புறம் எலிமென்டைத்தான் போட வேண்டும். எங்கள் கூரைக்கு வடக்கே பக்கத்து வீட்டு மாமரம் வேறு; வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஹீட் பம்ப் ஏறக்குறைய ஃபிரிட்ஜ் மாதிரிதான், வேலை மட்டும் தலைகீழ்: வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் இறக்கும். 150 லிட்டரை 40 டிகிரி ஏற்ற சாதாரண கீசருக்குச் சுமார் 7 யூனிட் கரண்ட் ஆகும். இதற்கு மூன்றில் ஒரு பங்கு போதும். டர்பனின் புழுக்கமான காற்று அதற்குத் தோது. ஜொஹானஸ்பர்க் உறைபனியில் திணறும். மூட்டமும் மாமரமும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

குறையும் உண்டு. கரண்ட் போனால் நின்றுவிடும். எலிமென்டைவிட மெதுவாகவே சூடேற்றும். ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் உப்புக்காற்று அதன் தகடுகளை அரித்துவிடும். சாட்ஸ்வொர்த் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். மின்விசிறி இரைச்சல் வேறு.

எங்களுக்கு ஹீட் பம்ப்தான். மாமரம் இல்லாத வீடென்றால் சோலாருக்கே போயிருப்பேன். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவுமில்லை. அம்மாவின் ஜன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரில் இடம் குறித்தாயிற்று. அது ஓடும்போது ஏசி போலத் தண்ணீர் சொட்டும் என்றதும், அம்மா கறிவேப்பிலைத் தொட்டியை அதன் கீழே நகர்த்தி வைத்துவிட்டார்.